வாசலுக்கு வரும் வேல்: கொழும்பு ஆடிவேல் விழா ஒரு மதிப்பீடு

ஆடிவேலைக் காலிமுகத்திடலில் நின்று பார்த்தவர்களில் பலர் “இவ்வளவுதானா?” என்று கேட்டுக்கொண்டு திரும்புகிறார்கள். அவர்கள் மேல் குறை இல்லை. அகலமான வீதி, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பெரிய கட்டடங்கள். இரண்டு மணித்தியாலம் வெயிலில் காத்திருந்தால் நாதஸ்வரமும் தவிலும் முதலில் வரும், பிறகு காவடி, பிறகு முருகனின் வேலாயுதத்தை ஏற்றிய வெள்ளித்தேர். அங்கே தேரை மறித்து அர்ச்சனை செய்ய வீடும் இல்லை, கடையும் இல்லை. ஆகவே தேர் வேகமாகப் போய்விடும். படம் எடுக்க நல்ல இடம்தான், விழாவைப் பார்க்க நல்ல இடமல்ல.

ஆடிவேல் என்றால் தேர் நிற்க வேண்டும். ஒரு கடை வாசலில் நிறைகுடம் வைத்து, விளக்கேற்றி, அர்ச்சனைத் தட்டோடு ஆட்கள் காத்திருக்கும் இடத்தில் அது நிற்கும். அந்த மூன்று நிமிடத்துக்காகத்தான் இந்த விழா தொடங்கியது, இன்றும் அதற்காகத்தான் நடக்கிறது. ஆகவே இந்த மதிப்பீடு அந்த மூன்று நிமிடத்தை வைத்தே எழுதப்படுகிறது.

இலங்கையின் தெற்கே உள்ள கதிர்காம முருகனிடம் போக முடியாத ஒரு காலத்தில் கொழும்பு ஏற்படுத்திக்கொண்ட விழா இது. 19ஆம் நூற்றாண்டில் செட்டியார் தெரு நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கையில் இருந்தது. கோப்பித் தோட்டங்களுக்குக் கடன், இந்தியாவிலிருந்து அரிசி, எல்லாவற்றுக்கும் கணக்கு அந்தத் தெருவில் கிட்டங்கி எனும் வணிகக் கூடங்களில்தான் எழுதப்பட்டது. ஆடி மாதம் வேலாயுதத்தை எடுத்துக்கொண்டு கதிர்காமத்துக்கு நடந்து போவது அவர்கள் வழக்கம் என்று அங்கே சொல்வார்கள். ரயில் மாத்தறையை எட்டியதே 1895இல்தான். அதற்கு முன்பு தெற்கே போவதென்றால் கடற்கரையோரமாக நடை, பிறகு காடு. யாத்திரைக் கூட்டத்தோடு வாந்திபேதியும் போனது, திரும்பி வந்தது. பிரித்தானிய அரசாங்கம் 1870களில் கதிர்காம யாத்திரைக்குக் கட்டுப்பாடு விதித்தது. அந்த நெருக்கடியில் வேலைக் கொழும்புக்குள்ளேயே ஊர்வலமாகக் கொண்டுபோகத் தொடங்கினார்கள். தொடங்கிய ஆண்டு 1874 என்பதே பரவலாகச் சொல்லப்படுகிறது. கதிர்காமத்துக்குப் பதிலாகப் பம்பலப்பிட்டி. அன்றைக்கு அது ஊருக்கு வெளியே இருந்த இடம், தென்னந்தோப்பும் கடற்காற்றும். யாத்திரை என்றால் ஊரை விட்டுப் போக வேண்டும், போன இடத்தில் தங்க வேண்டும், திரும்பி வர வேண்டும். இந்த மூன்றும் இன்றைய ஒழுங்கிலும் அப்படியே இருக்கின்றன. காலையில் செட்டியார் தெருவில் புறப்பாடு, இரவில் பம்பலப்பிட்டி, அங்கே சில நாள் தங்கல், பிறகு திரும்பல்.

தேர் வாசலுக்கு வாசல் நிற்பதற்குக் காரணமும் இதுதான். நீங்கள் வேலிடம் போக முடியாதென்றால் வேல் உங்களிடம் வரும். இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், “ஏன் இப்படி ஊர்ந்து ஊர்ந்து வருகிறது?” என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

நடுவில் ஒரு பெரிய இடைவெளியும் உண்டு. 1983இல் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறையை நாம் ஆடிக் கலவரம் என்றே சொல்கிறோம். வேல் விழா நடக்கும் அதே மாதம், தேர் போகும் அதே தெருக்கள். அதன் பிறகு பல ஆண்டுகள் தேர் வீதிக்கு வரவில்லை. இன்று காலி வீதியில் ஒரு கடைக்காரர் துணிந்து நிறைகுடம் வைக்கிறார் என்றால் அதைச் சாதாரணமாக எண்ணிவிட வேண்டாம். இந்த விழாவின் மிகப் பெரிய தகுதி எதுவென்று கேட்டால், அது மறுபடியும் அதே பாதையில் போகிறது என்பதுதான்.

இனி போகிறவர்களுக்கு.

முதலில் தேதி. விழா ஆடிப் பௌர்ணமியை ஒட்டி வருவதால் ஆங்கில நாட்காட்டியில் ஆண்டுதோறும் இடம் மாறும், ஜூலையிலும் வரலாம், ஆகஸ்டிலும் வரலாம். சென்ற வருடத் தேதியை நம்பிப் போய் வெறும் தெருவைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் உண்டு. இன்னொரு குழப்பம் கோயில் பெயர்களில். செட்டியார் தெருவில் பழைய கதிரேசன், புதிய கதிரேசன் என்று அடுத்தடுத்து இரண்டு கோயில்கள், பம்பலப்பிட்டியிலும் அதே பெயர்களில் இரண்டு. இவை போதாதென்று சம்மாங்கோடு என்னும் கோயில்களுக்கும் தனி வேல் விழா மரபு உண்டு, அவற்றில் ஒன்று புறக்கோட்டையில், ஒன்று பம்பலப்பிட்டியில். “வேல் எப்போது?” என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வருவது இதனால்தான். எந்தக் கோயில் தேர், எந்த நாள், புறப்பாடா திரும்பலா என்று மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். கோயில் வாசலில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்தான் நம்பத்தக்கது. கைத்தொலைபேசியில் சுற்றும் படம் எந்த வருடத்தது என்று யாருக்கும் தெரியாது.

புறப்பாட்டுக்குச் செட்டியார் தெருவுக்கே போவது நல்லது. தெரு ஒடுக்கம், இருபுறமும் நகைக்கடைகள். தேர் நிற்கும்போது உங்களுக்கும் அதற்கும் இடையில் இரண்டு மூன்று வரிசை ஆட்கள்தான் இருப்பார்கள். வெள்ளித் தகட்டின் வேலைப்பாட்டை இவ்வளவு கிட்ட நின்று வேறெங்கும் பார்க்க முடியாது. குறை என்னவென்றால் ஒதுங்க இடமில்லை. தேருக்கு முன்னால் எருதுகள், பின்னால் கூட்டம், பக்கத்தில் பூட்டிய கடைக் கதவுகள். சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் கோயில் வாசலை விட்டுக் குறுக்குத் தெரு முனையில் நிற்க வேண்டும், அங்கே பின்வாங்க வழி உண்டு. வாகனத்தில் போகவே வேண்டாம். கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கினால் புறக்கோட்டைக்குள் நடந்தே போய்விடலாம்.

நேரம் இருந்தால் செட்டியார் தெருவிலிருந்து கொச்சிக்கடைப் பக்கம் நடந்து பொன்னம்பலவாணேசர் கோயிலையும் பார்த்துவிடுங்கள். பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் திருப்பிக் கட்டுவித்த கோயில் அது. சுதையும் வண்ணமுமாக நிற்கும் கதிரேசன் கோபுரங்களைப் பார்த்த கண்ணுக்கு அந்தக் கருங்கல் தூண்கள் வேறொரு அமைதியைக் கொடுக்கும்.

வழக்கமான பாதை செட்டியார் தெருவிலிருந்து பிரதான வீதி, கோட்டை, காலிமுகத்திடல், கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி என்று போகும். மொத்தம் 7 கிலோமீற்றருக்குச் சற்று முன்பின். சும்மா நடந்தால் ஒன்றரை மணித்தியாலம். தேர் முழுப் பகலையும் எடுத்துக்கொள்ளும், ஏனென்று கணக்குப் பார்த்தாலே தெரியும். ஒரு நிறுத்தத்துக்கு 3 நிமிடம் என்று வைத்தாலும் 100 நிறுத்தத்துக்கு 300 நிமிடம், அதாவது 5 மணித்தியாலம். ஒரே இடத்தில் பத்துத் தட்டுகள் சேர்ந்துவிட்டால் 3 நிமிடம் 15 ஆகும். ஆகவே “பகல் 12 மணிக்குக் கொள்ளுப்பிட்டி” என்று யாராவது சொன்னால் அதை ஒரு விருப்பமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸில் உள்ள நேரத்தைப் புறப்பாட்டுக்கு நம்பலாம். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு கட்டத்துக்கும் தாமதம் கூடிக்கொண்டே போகும், குறையவே குறையாது.

இந்த இடத்தில் விழாவுக்கு மதிப்பெண் குறைக்கத்தான் வேண்டும். அர்ச்சனையைக் குறைக்கச் சொல்லவில்லை. பத்து வாசலுக்குத் தனித்தனியாக நிற்பதற்குப் பதில் அக்கம்பக்கத்துக் கடைகள் ஓரிடத்தில் தட்டுகளைச் சேர்த்து வைத்தால் நேரம் மிச்சமாகும், யாருக்கும் அர்ச்சனை தவறாது. பெயர், நட்சத்திரத்தைத் துண்டுத் தாளில் தெளிவாக எழுதித் தட்டில் வைத்துவிட்டால் ஐயர் குனிந்து “என்ன நட்சத்திரம்?” என்று மூன்று தரம் கேட்க வேண்டியதில்லை. மேளச் சத்தத்தில் ‘பூரம்’ என்றது ‘பூராடம்’ என்று கேட்கும், திரும்பச் சொல்ல வேண்டி வரும், பின்னால் கூட்டம் தேங்கும். இவ்வளவு சின்ன விஷயத்தில்தான் பாதித் தாமதமும் பிறக்கிறது.

வாசலில் வைக்கும் நிறைகுடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதைச் சரியாக வைக்கிற வாசல்கள் குறைந்து வருகின்றன. மேசைக்கு வெள்ளைத் துணி விரித்து, தலைவாழை இலை போட்டு, நெல் பரப்ப வேண்டும். நெல் கிடைக்காவிட்டால் பச்சையரிசி. குடம் சரியாமல் நிற்பது அந்த நெல்லின் பிடிப்பில்தான். வெறும் இலை மேல் வைத்த குடம், கூட்டம் மேசையை ஒருமுறை இடித்தாலே சரிந்துவிடும். நெல் இரண்டு விரற்கடை உயரம் இருக்கட்டும், குடத்தை வைத்து ஒரு தரம் இடமும் வலமும் திருகினால் தானே அமர்ந்துகொள்ளும். தண்ணீரை வாய்விளிம்பு வரை நிரப்பக் கூடாது. தேங்காயின் அடிப்பாகம் உள்ளே இறங்கும்போது தண்ணீர் வழிந்து, நெல்லும் இலையும் நனைந்து, பிடிப்பே போய்விடும். கழுத்துக்குக் கீழே நிறுத்துவது அளவு. மாவிலை 5 அல்லது 7, காம்பு தண்ணீருக்குள், நுனி வெளியே. தேங்காய் குடத்து வாயை விடச் சற்றுப் பெரியதாக இருக்க வேண்டும், சிறியதென்றால் உள்ளே விழும். நாரைச் சுத்தமாக உரித்து, குடுமியை மட்டும் விட்டு, குடுமி மேலே பார்க்க வையுங்கள். பக்கத்தில் மஞ்சளில் பிடித்த பிள்ளையார், தலையில் அறுகம்புல். முன்னால் விபூதி, சந்தனம், குங்குமம்.

இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. ஆடி மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று காலி வீதிக்குக் கடலிலிருந்து நேரே வரும். கடலைப் பார்த்த குறுக்குத் தெரு முனையில் விளக்கு வைத்தால் தேர் வருமுன் நாலு தரமாவது அணையும். கட்டடத்தின் நிலப்பக்க ஓரமாக மேசையைத் தள்ளி வைப்பது முதல் வழி. ஒற்றைத் திரிக்குப் பதில் இரண்டு திரியைச் சேர்த்து முறுக்கி, நல்லெண்ணெயில் முதலே ஊறவைத்து ஏற்றுவது இரண்டாவது வழி. காற்றுக்குத் தாக்குப்பிடிக்கும் என்று மண்ணெண்ணெய் கலக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நாற்றம் சந்தனத்தையும் சாம்பிராணியையும் கொன்றுவிடும், தயவுசெய்து வேண்டாம். கற்பூரத்தைத் தட்டில் பிரித்து வைக்காமல் சிறு டப்பாவில் மூடி வையுங்கள். திறந்து வைத்த கற்பூரம் காற்றில் கரைந்து சிறுத்துவிடும்.

சிதறு தேங்காய் உடைப்பதில் ஒரு வேண்டுகோள். தேர் வரும் தடத்தின் நடுவில் உடைக்காதீர்கள். பின்னால் வெறுங்காலோடு காவடி வருகிறது, எருதுகள் வருகின்றன. சிரட்டைத் துண்டு காலில் ஏறினால் ஆடுகிறவர் நின்று குனிந்து பார்க்க மாட்டார், ஆடிக்கொண்டே போவார், காயம் பெரிதாகும். தேங்காய்த் தண்ணீர் பட்ட தார்வீதி வழுக்கவும் செய்யும். ஓரத்தில் ஒரு கல்லை வைத்து, மேளம் கேட்கத் தொடங்கும்போதே உடைத்து, விளக்குமாறால் கூட்டித் தள்ளிவிட்டால் தேர் வரும் நேரத்துக்கு வழி சுத்தமாக இருக்கும். பிரதான வீதியில் இதை ஒழுங்காகச் செய்கிற கடைகளைப் பார்க்கலாம், தேர் வருமுன்னே வாளித் தண்ணீர் ஊற்றி வீதியையும் குளிரப் பண்ணிவிடுவார்கள். வெறுங்காலுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று நடந்தவர்களுக்குத் தெரியும்.

தண்ணீர்ப் பந்தல்கள் இந்த விழாவின் மனம் நிறைக்கும் பகுதி. தமிழர் மட்டுமல்ல, முஸ்லிம், சிங்களக் கடைக்காரர்களும் வழிநெடுகக் கொடுப்பார்கள். சிங்கள மக்களுக்கும் இது ‘வேல்’தான், சொல்லை மாற்றவில்லை. வேல் காலம் என்றால் கரும்பும் கடலையும் வளையலும் பொம்மையும் விற்கும் சந்தை என்று பழைய கொழும்புக்காரர் எந்த இனத்தவரும் சொல்வார்கள். மோர் கொடுக்கிற பந்தல்களில் காலை மோர் நன்றாக இருக்கும். மத்தியானத்துக்குப் பிறகு கவனம் தேவை. வெயிலில் நிற்கும் பெரிய பீப்பாயில் மோர் மூன்று மணித்தியாலத்தில் புளித்துவிடும். பந்தல் போடுகிறவர்கள் முழுவதையும் ஒரே தரத்தில் கரைக்காமல், 1 லீற்றர் தயிருக்கு 4 லீற்றர் ஆறவைத்த தண்ணீர் என்ற கணக்கில் 20 லீற்றர் 20 லீற்றராகக் கரைக்க வேண்டும். ஒரு குவளை 150 மில்லிலீற்றர் என்றால் 20 லீற்றர் சுமார் 130 பேருக்கு வரும். உப்பு, இடித்த இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலையைப் பரிமாறும் நேரத்தில் சேர்த்தால் போதும். மிளகாயை அரைத்துப் போட்டால் பிள்ளைகள் குடிக்க மாட்டார்கள், கீறிப் போடுங்கள். பானகம் இன்னும் பாதுகாப்பு. லீற்றருக்கு 150 முதல் 200 கிராம் சர்க்கரைக்கட்டி, ஏலம், இஞ்சி, தேசிக்காய்ப் புளி. கட்டியைக் கரைத்து வடிக்காமல் விட்டால் அடியில் மண் தங்கும், கடைசிக் குவளைகளைக் குடிக்க முடியாது. வடித்த பந்தலையும் வடிக்காத பந்தலையும் முதல் மடக்கிலேயே அடையாளம் கண்டுவிடலாம்.

கொள்ளுப்பிட்டிக்கும் பம்பலப்பிட்டிக்கும் இடைப்பட்ட காலி வீதிதான் எங்கள் முதல் தெரிவு. மாலை வெயில் தணிந்த பிறகு தேர் இங்கே வந்தால் விளக்கு வெளிச்சத்தில் வெள்ளி மின்னும். நிறுத்தங்கள் அடுத்தடுத்து வரும், ஒன்றைத் தவறவிட்டாலும் ஐம்பது கஜம் நடந்து அடுத்ததைப் பிடிக்கலாம். போய்வருவதும் இலகு. கரையோர ரயில் பாதை காலி வீதிக்குச் சமாந்தரமாகவே ஓடுகிறது. கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை மூன்று நிலையங்களிலிருந்தும் சில நிமிட நடையில் வீதிக்கு வரலாம். 100, 101 பஸ்கள் வழக்கமாகக் காலி வீதியில் ஓடுபவை, அன்று திருப்பிவிடப்படும், எங்கே இறக்குவார்கள் என்று ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரண நாட்களில் இந்தப் பகுதிக் காலி வீதி கோட்டைப் பக்கமாக ஒருவழிப் பாதை. தேர் அதற்கு எதிர்த்திசையில் வருவதால் பொலிஸார் வீதியை மறித்தே ஆக வேண்டும், அதற்குச் சமாந்தரமான டூப்ளிகேஷன் வீதியும் மெரின் டிரைவும் நெரிந்துவிடும். முச்சக்கரவண்டியில் புறப்பட்டவர் தேர் போன பிறகுதான் வந்து சேருவார்.

பசித்தால் வெள்ளவத்தைப் பக்கம் நடங்கள். சைவக்கடைகள் அடுத்தடுத்து உண்டு. இரவு எட்டு மணிக்கு மேல் தோசைக்குக் காத்திருக்க வேண்டி வரும், இடியப்பம் சீக்கிரம் கிடைக்கும். கழிவறை வசதிதான் வழிநெடுக உள்ள உண்மையான குறை. வயதானவர்களோடு போகிறவர்கள் இதை முதலே யோசிக்க வேண்டும்.

வயதானவர்களை ஊர்வலத்தன்று கூட்டிப்போகவே வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. வேல் பம்பலப்பிட்டியில் தங்கும் நாட்களில் ஒரு காலைப் பூசைக்குக் கூட்டிப் போங்கள். பலர் கணக்கில் எடுக்காத நாட்கள் அவை. இருந்து பார்க்கலாம், தள்ளுமுள்ளு இல்லை, அபிஷேகம் முழுவதையும் காணலாம். ஊர்வலத்தன்று பூமாலைக் குவியலுக்குள் மறைந்திருக்கும் வேலை அப்போதுதான் நிதானமாகப் பார்க்க முடியும்.

வழியில் ஒரு பலகையாவது வேண்டும். தேர் ஏன் கதிர்காமத்துக்குப் போகாமல் பம்பலப்பிட்டிக்குப் போகிறது என்று மூன்று மொழிகளிலும் நாலு வரி எழுதி, புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் வைத்தால் போதும். வெள்ளித்தேரைப் படம் எடுக்கிற இளைஞர்களிடம் கேட்டுப் பாருங்கள், வாந்திபேதியையும் யாத்திரைக் கட்டுப்பாட்டையும் அறிந்தவர்கள் சிலர்தான். அரச விடுமுறையும் பெருந்திரளும் வெளிநாட்டாரும் சேரும் பெரகரா எனும் பௌத்த ஊர்வலங்களோடு இதை ஒப்பிட்டு “சிறியது” என்று சொல்கிறவர்களும் உண்டு. கொழும்புக் கங்காராமய விகாரையின் நவம் பெரகரா தொடங்கியது 1979இல். ஆடிவேல் அதற்கு நூறு ஆண்டுக்கு மேல் மூத்தது. அதைச் சொல்லிக்கொள்ள நமக்கு ஒரு பலகை கூட இல்லாமல் இருக்கக் கூடாது.

அர்ச்சனை முடிந்து தட்டு திரும்பி வரும்போது உடைத்த தேங்காயின் பாதி, இரண்டு பழம், கொஞ்சம் விபூதி, ஒரு பூ இருக்கும். பூவை ஈரத்துணியில் சுற்றினால் மறுநாள் வரை வாடாது. தேங்காய்ப் பாதியை மட்டும் பொலித்தீன் பையில் கட்டி வைத்துக்கொண்டு ஊர்வலத்தோடு நடக்காதீர்கள், அந்த வெக்கையில் மாலைக்குள் வழுவழுத்துவிடும். தாளில் சுற்றி, அன்றிரவே துருவிச் சம்பலுக்கு எடுத்துவிடுங்கள்.